ஜெர்மானியப் பெட்டிக்கு இட்ட சந்தனப் பொட்டு

இக்கட்டுரையில் சரிபார்க்கப்பட்ட செய்திகளை மட்டுமே எழுதுவேன். என் நேர்மையைப் பறைசாற்றுவதற்காக அன்று, வேறு வழியில்லாமையால். இக்கதை என் குடும்பத்தில் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. சொல்லச் சொல்ல வளர்ந்தும் வருகிறது. என் மூத்த மகன் சொல்லும்போது இதில் ஜெர்மானிய ஒற்றன் ஒருவன் வருகிறான். இளையவன் சொல்லும்போது நான் மலைப்படிகளில் உருண்டு விழுகிறேன். (விழவில்லை. அன்று நான் செய்யாமல் விட்ட பிழை அது ஒன்றுதான்.) மருமகள் சொல்லும் வடிவத்தில் ஒரு குரங்கு பெட்டியைப் பறித்துக்கொண்டு ஓடுகிறது, மலைக்கோயில் என்றால் குரங்கு இருந்தே தீரவேண்டும் என்பது அவள் கொள்கை.

என்னிடம் உள்ள சான்றுகள் மூன்று. நிழற்படக் கடையினர் அனுப்பிய பழுப்பு உறை ஒன்று. அதனுள் இருந்த படங்களுள் எஞ்சிய படம் ஒன்று. என் மாமனார் தம் கைப்பட எழுதிய அஞ்சலட்டை ஒன்று. இவற்றோடு என் நினைவும் உண்டு. ஆனால் நினைவு என்பது தனக்குச் சாதகமாகப் பேசும் சாட்சி. இங்கே அது எனக்கு எதிராகவே பேசுவதால் அதனை நம்பலாம் என்று கருதுகிறேன்.

ஆண்டைக்கூட என்னால் அறுதியிட்டுச் சொல்ல இயலவில்லை. உறையின் மேலுள்ள அஞ்சல் முத்திரையில் ஆண்டு இருக்கவேண்டிய இடத்தில் மை படர்ந்துவிட்டது. உலகப்போர் நடந்துகொண்டிருந்தது, ஆயுதபூசை கழிந்த வாரம். இவை இரண்டும் உறுதி.

அப்போது எனக்கு அகவை இருபத்தைந்து. திருத்தணியில் உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியன். ஊர் அந்நாளில் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. என் மாணவருள் பாதிப்பேர் வீட்டில் தெலுங்கு பேசுவர், வகுப்பில் தமிழ் பேசுவர், என்னைக் கண்டால் எதுவும் பேசார். நான் காவிரிக் கரையிலிருந்து வந்தவன். பெற்றோர் இல்லை. வளர்த்த மாமனும் நான் தமிழ்த் தேர்வு எழுதிய ஆண்டே மறைந்தார். உடன்பிறந்தார் இல்லை. தேரடித் தெருவில் ஓர் அறை. அதில் ஒரு பாய், ஒரு விளக்கு, நூற்றிருபது நூல்கள். வெள்ளிக்கிழமை மாலைக் கடைசி மணிக்கும் திங்கட்கிழமைக் காலை முதல் மணிக்கும் இடையே நான் வாய் திறந்து பேசும் சொற்கள் பெரும்பாலும் இரண்டே: ‘ஒரு காப்பி.’ மழைக்காலத்தில் காப்பிக் கடைக்குப் போகாதபோது அவையும் இல்லை. பேச ஆளில்லாதவன் பேச்சு நாளடைவில் நூல்போலவே ஆகிவிடும். என் பேச்சும் அவ்வாறே ஆகியிருந்தது. அதனை நான் தூய்மை என்று எண்ணியிருந்தேன்.

அவ்வூரில் என்னோடு பேசியவர் ஒருவர் உண்டு. அவர் அரசு மருத்துவமனையின் மருத்துவர். என்னிடம் நூல்கள் வாங்கிப் படிப்பார். நானும் அவரிடம் வாங்குவேன். அவரைப் போர்க்களப் பணிக்கு அனுப்பும் ஆணை வந்தபோது, மனைவி மக்களை வேலூரிலுள்ள மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, புறப்படும் நாளன்று காலை என் அறைக்கு வந்தார். கையில் தோலுறையிட்ட சிறு பெட்டி ஒன்று.

“பண்டிட், இந்த ஊர்ல வாங்கின புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுக்கற ஆளு நீங்க ஒருத்தர்தான். அதனால இது உங்ககிட்ட இருக்கட்டும். ஜெர்மன் கேமரா. நான் வர்ற வரைக்கும் பத்திரம்.”

அப்பெட்டியைப் பற்றி அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அதற்கு முன்பெல்லாம் நிழற்படம் எடுப்பதென்றால் மரப்பெட்டி, முக்காலி, கறுப்புத் துணி, கண்ணாடித் தகடுகள் என்று ஒரு மாட்டுவண்டிச் சுமை வேண்டும். ஜெர்மனியில் நுண்ணோக்கிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிய கைவினைஞர் ஒருவர், திரைப்படத்துக்கென்று செய்யப்பட்ட சுருளையே ஒரு சிறு பெட்டிக்குள் குறுக்குவாட்டில் ஓடவிட்டு, ஒரே சுருளில் முப்பத்தாறு படங்கள் எடுக்க வழி கண்டார். உள்ளங்கை அகலப் பெட்டியால் இத்தனை படம் எடுக்கலாம் என்பது அதுவரை பலர்க்கும் தோன்றாத எண்ணம். அதன்பின்தான் படம் எடுப்பவன் கடையை விட்டுத் தெருவுக்கு வந்தான். மக்கள் விறைத்து நிற்காத படங்கள் உலகில் தோன்றின. அக்கைவினைஞர் மூச்சுத்திணறல் உடையவர் என்றும், மலையேறும்போது பழைய பெட்டியைச் சுமக்க மாட்டாமையே புதியதற்குக் காரணம் என்றும் எழுதியிருக்கிறார்கள். (நான் அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தவன் அல்லன். படித்ததைச் சொல்கிறேன்.)

இக்கதைக்கு இன்றியமையாத செய்தி ஒன்றுண்டு. அவ்வகைப் பெட்டியில் காணும் கண் வேறு, கொள்ளும் கண் வேறு. நாம் பார்ப்பது மேலேயுள்ள ஒரு சிறு சாளரத்தின் வழியே. படம் பதிவது கீழே முன்புறம் துருத்திக்கொண்டிருக்கும் வட்டக் கண்ணாடியின் வழியே. இதை மருத்துவர் எனக்குச் சொல்லவில்லை. கற்றவனுக்குச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார். கற்றவனைப் பற்றி அவர் கொண்டிருந்த தவறான கருத்துகளுள் அது ஒன்று.

சொன்னவை இவை: முன்குழலை வெளியே இழுத்துத் திருப்பிப் பூட்டவேண்டும், மேலுள்ள குமிழைத் திருகவேண்டும், சாளரத்தில் பார்க்கவேண்டும், பொத்தானை அழுத்தவேண்டும். “முப்பத்தாறுல இருபத்தஞ்சு நான் எடுத்துட்டேன். மீதி பதினொண்ணு நீங்க எடுத்துக்கலாம். இன்னொரு சுருள் இப்ப எங்கயும் கிடைக்காது. அப்புறம் ஒண்ணு: முன்னாடி இருக்கற கண்ணாடியை வேட்டி முனையால துடைக்கவே துடைக்காதீங்க. கீறல் விழுந்தா பெட்டி செத்த மாதிரிதான்.”

துடைக்கமாட்டேன் என்று வாக்களித்தேன். அவ்வாக்கை இறுதிவரை காப்பாற்றினேன்.

அவர் போன பின் எனக்குப் பேச்சுத்துணை, மருத்துவமனைக் கம்பவுண்டர் முனிரத்தினம் மட்டுமே. கிழமைக்கு ஒருமுறை மருந்து வாங்கச் சென்னைக்குப் போய்வருவார். போகும் வழியெல்லாம் பெண்ணுக்குப் பிள்ளையும் பிள்ளைக்குப் பெண்ணும் பார்த்துச் சொல்வார். ஒருநாள் காப்பிக் கடையில் என் எதிரே வந்தமர்ந்தார்.

“தமிழய்யா, அரக்கோணத்துல ஒரு பொண்ணு கீது. பேரு செங்கமலம். அப்பா ரயில்ல கார்டு. எட்டாவது வரைக்கும் படிச்சிகீது. நீங்க ஆங்னா பேசிடறேன்.”

“பெண் பார்க்கச் செல்வதாயின் உறவினரோடு செல்லவேண்டுமே. நான் எவரை அழைத்துச் செல்வேன்?”

“அதத்தான் நானும் சொன்னேன், ஆளு தனிக்கட்டைனு. அதுக்கு அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? ‘கூட்டம் எனக்கு இன்னாத்துக்குய்யா? மூஞ்சி ஒண்ணு வேணும். போட்டோ அனுப்பச் சொல்லு, பொண்ணு பாக்கணும்ங்கறா’ன்னாரு. மெட்ராஸ்லேந்து இன்னோர் எடத்துல அனுப்பிட்டுகீறாங்க. கார்த்திகை தீபத்துக்குள்ள முடிவு பண்ணிடுவாங்க. சீக்கிரம் பாருங்க.”

அன்று மாலை என் அறையில் அமர்ந்து, அவ்வூர் வழக்கில் சம்மதத்தைக் குறிக்கும் ‘ஆங்’ என்னும் ஓசையை மெல்லச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

அரக்கோணத்தில் நிழற்படக் கடை இருந்தது. நான் போகவில்லை. அங்கே படுதாவில் மாளிகையும் மோட்டார் வண்டியும் எழுதி வைத்திருப்பார்கள். அவற்றின் முன்னே நிற்கவேண்டும். எனக்கு மாளிகையும் இல்லை, வண்டியும் இல்லை. இல்லாததை இருப்பதாகக் காட்டி ஒரு பெண்ணின் சம்மதத்தைப் பெறுவது பொய்ச்சான்று. என்னை உள்ளவாறே காட்டவேண்டும். அதற்குத் தணிகைமலையும் மருத்துவர் பெட்டியும் போதும் என்று முடிவு செய்தேன். (உள்ளவாறே காட்டத் துணிந்தவனுக்கு நேர்ந்ததைப் பின்னர்க் காண்க.)

“ஜெர்மன்காரன் பெட்டிய வெளிய தூக்கிகினு போவாதீங்க,” என்றார் முனிரத்தினம். “போலீசு பாத்தா, ஹிட்லருக்குப் படம் அனுப்பறான்னு புடிச்சிகினு பூடுவான்.” என் மூத்த மகனின் ஒற்றன் இங்கேதான் பிறந்தான்.

இடையே ஆயுதபூசை வந்தது. அவ்வட்டாரத்தில் அது பெருநாள். தறிக்குப் பொட்டு, மிதிவண்டிக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு. முனிரத்தினம் மருந்துப் புட்டிகள் ஒவ்வொன்றுக்கும் பொட்டிட்டு, எது எந்த மருந்தென்று தெரியாமல் இரண்டு நாள் திண்டாடினார். வைத்த பொட்டை எவரும் துடைப்பதில்லை. அது தானாகவே காய்ந்து உதிரவேண்டும். நானும் என் அறையில் பலகையிட்டு நூல்களை அடுக்கி, எழுதுகோலை வைத்து, அவற்றின் நடுவே மருத்துவர் பெட்டியையும் வைத்தேன். அவர் போர்க்களத்தில் இருக்கிறார். அவர் கருவிக்குப் பூசை தவறக்கூடாது.

பெட்டிக்குப் பொட்டை எங்கே இடுவது? நெடுநேரம் ஆராய்ந்தேன். மேலுள்ள சிறு சாளரங்களில் இட்டால் பார்வை மறையும் என்னும் அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. அவ்வறிவு அத்தோடு நின்றது. முன்புறம் நடுவே, வெள்ளி வளையம் சூழ, சுண்டுவிரல் நகத்தளவு கண்ணாடி ஒன்று பளபளத்தது. முகத்துக்கு நெற்றிபோல, சிவனுக்கு மூன்றாம் விழிபோல, பொட்டுக்கென்றே படைக்கப்பட்ட இடமாக அது எனக்குத் தோன்றியது. சந்தனத்தைக் குழைத்து அதனை முழுதும் நிறையுமாறு வட்டமாக இட்டேன். நடுவில் குங்குமம் வைத்தேன். அழகாக இருந்தது. அவ்வூரில் நான் இட்ட ஒரே பொட்டு அது.

அடுத்த சனிக்கிழமைக் காலை, வெளுத்த வேட்டி, அங்கவத்திரம், குடை, ஒரு நூல் ஆகியவற்றோடு மலையேறினேன். முந்நூற்று அறுபத்தைந்து படிகள். பெட்டியைக் கண்டுபிடித்தவரைப் போலவே நானும் பாதியில் மூச்சு வாங்கினேன். படம் எடுத்துத் தருமாறு கேட்க எனக்கு நண்பர் எவரும் இல்லை. ஆகவே ஒரு மண்டபத்தருகே நின்று, வருவோர் போவோரைப் பார்த்து, இரக்கமுள்ள முகத்தைத் தேடினேன். அரைமணி நேரம் கழித்து, மேலே மொட்டையடித்து வழிபட்டுவிட்டு இறங்கிவந்த கணவனும் மனைவியும் அருகே அமர்ந்தனர். கணவர் தலை முழுதும் சந்தனம். பள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவாளர். பெயர் நாதமுனி என்றார்.

“ஐயா, ஒரு சிறு உதவி. இப்பெட்டியால் என்னைப் படம் எடுத்துத் தர இயலுமா?” என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். “இன்னா சொல்றாரு?”

“இந்தப் பொட்டியில அவர படம் புடிக்கணுமாம், பாவா. பூசாரி மாரி பேசறாரு, எனக்கே புரியுது, உனக்குப் புரியல?”

நாதமுனி பெட்டியை இரு கைகளாலும் வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பினார். நெசவுக்காரர் கண் அது. எடுத்த எடுப்பில் கண்டுவிட்டது.

“சாமி, இங்க பொட்டு கீதே. தொடச்சிடலாமா?”

“தொடாதீர்!” என்று கூவினேன். “பூசையில் இட்ட பொட்டு அது. அழித்தல் தகாது. அன்றியும், அக்கண்ணாடியைத் துடைக்கவே கூடாதென்பது உரியவர் ஆணை. நீர் மேலுள்ள துளையில் பாரும், நான் தெரிகிறேனா?”

“தெரியறீங்க.”

“தெளிவாகவா?”

“ஆங். மீசை வரைக்கும் தெரியுது.”

“பிறகென்ன?”

அவர் தயங்கினார். “நாங்களுந்தான் தறிக்குப் பொட்டு வக்கறோம் சாமி. கட்டையில வப்போம். நூல் மேல வக்க மாட்டோம். வச்சா சேலை கெட்டுப்பூடும்.”

நான் புன்னகை செய்தேன். கல்லாதவர் ஐயத்தைக் கற்றவன் பொறுத்துக்கொள்ளும் புன்னகை. அப்புன்னகை எப்படத்திலும் பதியவில்லை என்பது இன்று எனக்குள்ள பெரிய ஆறுதல்.

பதினொரு படங்கள் எடுத்தோம். நூலைக் கையில் ஏந்தி ஒன்று; நூலைப் படிப்பதுபோல் ஒன்று; படித்து முடித்துச் சிந்திப்பதுபோல் ஒன்று; கிழக்கு நோக்கி ஒன்று; குடையைத் தோளில் சாய்த்து ஒன்று. ஒவ்வொரு முறையும் ஓடிவந்து குமிழைத் திருகிவிட்டு மீண்டும் ஓடிப்போய் நின்றேன். நாதமுனியின் மனைவி படியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொண்ணு வீட்டுக்குத்தானே அனுப்பறீங்க?” என்றார் திடீரென்று.

எனக்கு முகம் வெந்தது. “அங்ஙனம் கருத ஏது யாது?”

“பின்ன? ஒரு மனுஷன் சொம்மாவா பதினோரு தபா வேட்டிய சரிபண்ணிகினு நிப்பான்? சிரிங்க சாமி, பரிட்சை பேப்பர் திருத்தறாப்ல நிக்கறீங்க.”

“வுடு, அவருக்கு அதான் சிரிப்பு போலகீது,” என்றார் நாதமுனி.

படம் முடிந்ததும் அவர்கள் மூட்டையைப் பிரித்து, மந்தார இலையில் புளிச்சோறு வைத்து என் முன்னே நகர்த்தினார்கள். மறுத்தேன். “தின்னுங்க. ஒண்டியா வந்துகீறீங்க, இம்மாந்தூரம் ஏறிகீறீங்க,” என்றார் அந்த அம்மையார். உண்டேன். பிறரோடு அமர்ந்து நான் உண்டு எத்தனை திங்களாயிற்றென்று இலையைப் பார்த்தபடியே எண்ணினேன், எண்ணிக்கை பிடிபடவில்லை. அவர்கள் இறங்கிப் போனார்கள். பதினொரு படங்களையும் எனக்கே எடுத்துக்கொண்டேன். அவ்விருவரை ஒரு படம் எடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. (எடுத்திருந்தாலும் அவர்கள் தெரிந்திருக்கமாட்டார்கள் என்பது வேறு செய்தி.)

முனிரத்தினம் பெட்டியைச் சென்னைக்குக் கொண்டுபோனார். காலத்தைச் சுருக்கும் பொருட்டு, படங்களைக் கழுவி அச்சிட்டு நேராக அரக்கோணத்துக் கார்டு முகவரிக்கே அனுப்பிவிடுமாறு கடைக்காரர்க்கு ஒரு கடிதம் எழுதினேன். நல்ல கடிதம், இலக்கணப்பிழை ஒன்றும் இல்லை. அச்சுருளில் மருத்துவர் எடுத்த இருபத்தைந்து படங்கள் முன்னரே உறங்கிக்கொண்டிருக்கின்றன என்பதை மட்டும் மறந்துவிட்டேன்.

பெட்டி அதே பொட்டோடு திரும்பி வந்தது. பள்ளி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அடுத்த பன்னிரண்டு நாட்கள் நான் காத்திருந்தேன் என்று எழுதினால் அது குறைத்துச் சொல்வதாகும். அறையில் இன்னொரு பாய்க்கு இடம் உண்டா என்று சாணால் அளந்து பார்த்தேன். உண்டு, நூல்களைச் சற்று நகர்த்தவேண்டும். நகர்த்தினேன்.

பதின்மூன்றாம் நாள் முற்பகல், நான்காம் படிவத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வாயிலில் வெண்ணிறச் சீருடையில் ஒருவர் தோன்றினார். ஒரு கையில் சுருட்டிய பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும். மறுகையில் பழுப்பு உறை.

“தமிழ் வாத்தியாரு யாரு?”

“நான்தான்.”

“நான் அரக்கோணத்துக் கார்டு. வெளிய வாய்யா. என் கூட்ஸு வண்டி ஸ்டேஷன்ல நிக்குது. பம்பாய் மெயிலு தாண்டினதும் நான் போவணும். அதுக்குள்ள எனக்குப் பதிலு வேணும்.”

தாழ்வாரத்தில் இருந்த மேசைமேல் உறையைக் கவிழ்த்தார். படங்கள் சரிந்தன. ஓர் அம்மையார் ஊஞ்சலில் அமர்ந்திருக்கிறார். அதே அம்மையார் இரு குழந்தைகளோடு நிற்கிறார். குழந்தைகள் நாயோடு விளையாடுகின்றன. நாய் மட்டும் தனியே கொட்டாவி விடுகிறது. அத்தனையும் துல்லியம். ஜெர்மானியர் செய்நேர்த்தியில் ஒரு குறையும் இல்லை.

“இது யாரு?”

“மருத்துவரின் துணைவியார்.”

“எந்த டாக்டரு?”

“இவ்வூர் மருத்துவர். போருக்குச் சென்றிருக்கிறார்.”

“அப்பிடியா? இருபத்தஞ்சு போட்டோ கீதே, ஒண்ணுலயாவது புருஷன் கீறானா பாரு. இல்ல. புருஷன் எங்க இருப்பான்? போட்டோ புடிச்சிகினு இருப்பான்! பொட்டி யாருகிட்ட கீது?”

“என்னிடம்.”

“அப்ப புருஷன் யாரு?”

தருக்கநூல் பயின்றவன் நான். அவ்வாதத்தில் எவ்வளவு முயன்றும் ஒரு குற்றமும் காண முடியவில்லை. ஒரு கணம் நானே ஐயுற்றேன்.

“ஐயா, அவை என் படங்கள் அல்ல. என் படங்கள் இவை,” என்று அடியிலிருந்த பதினொன்றை எடுத்தேன். அப்போதுதான் அவற்றை முதன்முதலாகக் கண்டேன்.

பதினொன்றிலும் புகை. வெண்மையும் அன்று, கருமையும் அன்று. மார்கழி விடியலின் பனி நிறம். மலை இல்லை, மண்டபம் இல்லை, நூல் இல்லை, நான் இல்லை.

“இதுல நீ எங்க?”

“இதோ... இதில் நூலோடு நிற்கிறேன். இதில் கிழக்கு நோக்கி. இதில்...”

“இது பொகைய்யா.”

“புகைக்குள் நிற்கிறேன்.”

பின்னால் நான்காம் படிவம் முழுவதும் சன்னல்களில் இருந்தது. “புகைக்குள் நிற்கிறேன்” என்று ஒருவன் என் குரலிலேயே சொல்ல, நாற்பது பேர் சிரித்தார்கள். அதுவரை என்னைக் கண்டால் எதுவும் பேசாதிருந்தவர்கள்.

நான் ஓடிப்போய் அலமாரியிலிருந்த பெட்டியைக் கொண்டுவந்து, என் மெய்ம்மைக்குச் சான்றாக அவர் கையில் கொடுத்தேன். கார்டு அதனைத் திருப்பிப் பார்த்தார். பொட்டு ஒரு பக்கம் வெடித்து, ஓரம் சிறிது உதிர்ந்திருந்தது. மீதியை நகத்தால் தட்டினார்.

“இன்னாய்யா இது?”

“ஆயுதபூசைப் பொட்டு.”

“இது மேலயா வச்ச?”

“ஆம்.”

“நாங்க எஞ்சினுக்கே பொட்டு வக்கறோம். சிக்னல் வெளக்கு கண்ணாடி மேல வப்பமா? வச்சா வண்டி இன்னா ஆவும்?”

நாதமுனியின் தறியும் நூலும் அப்போதுதான் எனக்கு விளங்கின. தொலைவில் மெயில் வண்டியின் ஊதல் கேட்டது. கார்டு படங்களை அள்ளி உறையில் திணித்தார். போகிறவர் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பொண்ணு இன்னா கேட்டா தெரியுமா? ‘நைனா, இந்தப் பொகையில யாரோ நிக்கறாப்ல கீதே’ன்னா. நான்தான் உனுக்குக் கண்ணு சரியில்லனு வைதேன்.”

கொடிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினார்.

நான் வகுப்புக்குத் திரும்பினேன். பாடத்தை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. அன்று மாலை நகர்த்திய நூல்களை மீண்டும் பழைய இடத்துக்கே நகர்த்தினேன். காப்பிக் கடைக்கும் போகவில்லை. ஊர் முழுவதும் புகையைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றியது. முனிரத்தினம் மட்டும் வந்து கதவைத் தட்டினார். திறக்கவில்லை. “அய்யா, உள்ள கீறீங்களா, இல்ல பொகையா பூட்டீங்களா?” என்று வெளியிலிருந்தே கேட்டுவிட்டுப் போனார். அப்போது அது எனக்கு நகைச்சுவையாகப் படவில்லை.

எட்டாம் நாள் அஞ்சலட்டை வந்தது. அது இப்போது என் முன்னே இருக்கிறது. எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தி அப்படியே தருகிறேன்: ‘பெண்ணுக்குச் சம்மதம். கம்பவுண்டரிடம் டாக்டர் விஷயம் விசாரித்தோம். வரும் ஞாயிறு வரவும். படத்தில் இருப்பது போல் அல்லாமல் முழு உருவத்தோடு வரவும்.’

தைத் திங்களில் தணிகைமலையிலேயே மணம் நடந்தது. என் பக்கத்து உறவினராக முனிரத்தினமும் நான்காம் படிவமும் வந்திருந்தனர். நிழற்படம் எடுக்க வந்தவர் பழைய முக்காலிக்காரர். கறுப்புத் துணிக்குள் அவர் தலையை நுழைக்கப்போன நேரத்தில் என் மாமனார் உரத்த குரலில் கேட்டார்: “யோவ், பொட்ட அழிச்சிட்டியா?”

அன்று தொடங்கியது. என் பிள்ளைகள் திருமணத்திலும், பேரனுக்குப் பெயரிட்ட நாளிலும், யார் படம் எடுக்க வந்தாலும் கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டுவிடுவார்: “பொட்ட அழிச்சாச்சா?” புதிதாக வந்த படக்காரர்கள் திகைத்துத் தம் நெற்றியைத் தடவிப் பார்ப்பார்கள். கூட்டம் சிரிக்கும். செங்கமலம்தான் முதலில் சிரிப்பாள்.

பதினோராவது படத்தை அவள் தன் பெட்டியில் வைத்திருந்தாள். ஏன் சம்மதித்தாய் என்று பிள்ளைகள் கேட்பார்கள்; ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை சொல்வாள். “மெட்ராஸ் மாப்பிள்ள படுதா காருக்கு முன்னால நின்னுகினு இருந்தாரு, அதுக்கு இவரு தேவலாம்” என்பாள். “ஒண்ணுமே தெரியலன்னா கொறையும் தெரியாதில்ல” என்பாள். ஒரே ஒருமுறை, அரிசி புடைத்துக்கொண்டே, “ஓரத்துல ஆளு நிக்கறது எனக்கு நல்லாவே தெரிஞ்சுது. ஒண்டியா நின்னுகினு இருந்தாரு” என்றாள். பிறகு முறத்தைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது வெள்ளி மாலை முதல் திங்கட்கிழமை வரை நான் பேசும் சொற்கள் மீண்டும் குறைந்துவிட்டன. காப்பியை மருமகள் கேட்காமலே கொண்டுவந்து வைத்துவிடுகிறாள்.

தெரியாதவற்றையும் எழுதிவிடுவது முறை. இது நடந்த ஆண்டு தெரியாது. நாதமுனி எந்த ஊர் என்று நான் கேட்டுவைக்கவில்லை. போர் முடியுமுன்னரே வேலூரிலிருந்து மருத்துவரின் துணைவியார் ஆளனுப்பிப் பெட்டியைப் பெற்றுக்கொண்டார். மருத்துவர் திரும்பி வந்தாரா என்பது தெரியாது. எழுதிய இரு கடிதங்களுக்கு விடை இல்லை. பதினோராவது படத்தைச் சென்ற திங்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். வலப்பக்க ஓரத்தில் நெடுக்காக ஒரு மங்கல் இருக்கிறது. அது குடையோடு நின்ற நான்தானா, பொட்டு வெடித்ததால் விழுந்த கறையா என்பது தெரியாது.